முதலில் வலது கை
கிடார் சொல்லித்தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

மொட்டைமாடியில் நாலு பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித்தருபவர்கள், இசைப்பள்ளி நடத்துபவர்கள், கைபேசியை எதிரே நிறுத்திவைத்துப் பாடம் எடுத்து இணையத்தில் ஏற்றுபவர்கள் என எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் மாணவர்களிடம் ஜாஸ் கிடார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். சந்தோஷம்தான். ஆனால் காதுகொடுத்துக் கேட்டால், எங்கே போனாலும் ஒரே கதை. தீ விபத்தில் இரண்டு விரல் போயிற்று, மிச்சமிருந்த இரண்டு விரலால் உலகத்தை ஜெயித்தார், உனக்குத்தான் எல்லா விரலும் நன்றாக இருக்கிறதே, ஒரு எஃப் கார்டு பிடிக்க என்ன கேடு? பையன் தலையைக் குனிந்துகொள்கிறான். அடுத்த வகுப்பில் ஜாங்கோ வாசித்த நாலு லிக்கை எழுதிக் கொடுத்து, வேகமாக வாசித்துப் பழகச் சொல்கிறீர்கள். ஜாங்கோ பாடம் அத்துடன் முடிந்தது.

என் மனக்குறை இதுதான். அந்த மனிதர் விட்டுப்போனவற்றில் பெரும்பகுதி அவருடைய வலது கையில் இருந்தது. அதைக் கட்டிக்காத்து அடுத்தவர் கையில் கொடுத்தவர்கள் ரோமா குடும்பங்கள். உங்கள் வகுப்பில் இந்த இரண்டைப் பற்றியும் பேச்சே வருவதில்லை.

கதையைக் கொஞ்சம் நேராக்கிவிடுகிறேன். 1910 ஜனவரி 23 அன்று, பெல்ஜியத்தின் லிபெர்ஷி கிராமத்துக்கு அருகே, மனூஷ் ரோமாக்களின் கூண்டுவண்டி முகாமில் பிறந்தவர் ஜாங்கோ. வளர்ந்தது பாரீஸ் நகர எல்லையில், காலி நிலத்தில் வண்டிகள் அவிழ்த்துப் போடப்பட்டிருந்த முகாம்களில். பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே மியூசெட் நடனக் கூடங்களில் அக்கார்டியன்காரர்களுக்குப் பக்கவாத்தியமாக பான்ஜோ-கிடார் வாசித்தார். 1928இல் ஓர் அக்கார்டியன்காரருடன் இசைத்தட்டில் வாசித்தபோது அவர் பெயரைத் தப்பும் தவறுமாக அச்சிட்டார்கள். அதைப் படித்துத் திருத்தச் சொல்ல அவருக்கு எழுத்துத் தெரியாது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் விபத்து. விற்பனைக்காக மனைவி செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்கள் வண்டி நிறையக் கிடந்தன. மெழுகுவர்த்தி பட்டதும் குப்பென்று பிடித்துக்கொண்டது. இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கிச் சுருங்கிவிட்டன, வலது காலும் வெந்துபோயிற்று. படுக்கையிலேயே புதிய விரலமைப்பைக் கண்டுபிடித்து, ஒன்றரை ஆண்டு கழித்து எழுந்து வந்தார். அந்த இரண்டு விரலும் அடியோடு பயனற்றுப் போகவுமில்லை. கார்டு பிடிக்கும்போது மேல்சுருதித் தந்திகளில் அவற்றை ஒண்டவைத்து வாசித்திருக்கிறார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தீ பிடித்தபோது அவருக்கு வயது 18. அதற்கு முன்பே அவர் கேட்கப்பட்ட, தேடப்பட்ட வாத்தியக்காரர். இங்கிலாந்தின் புகழ்பெற்ற குழுத்தலைவர் ஜாக் ஹில்டன் நேரில் வந்து கேட்டுவிட்டு வேலைக்கு அழைத்திருந்தார். இடது கை மறுபடி ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. வலது கைக்கு அந்தக் கவலை இல்லை. மைக் இல்லாத கூடத்தில், அக்கார்டியன் முழங்க, ஆடுகிறவர்களின் காலணிச் சத்தத்தையும் மீறி ஒலிக்கப் பழகிய கை அது. நாம் இன்று ஜாங்கோவின் ஒலி என்று எதை அடையாளம் காண்கிறோமோ அது அங்கே உருவானது.

அந்தக் கை என்ன செய்கிறது என்று பார்ப்போம். மணிக்கட்டு வளைந்து, உள்ளங்கை கிடாரின் மேல்பலகையில் எங்கும் படியாமல் தொங்கும். பிக் கனமானது, ஒரு நாணயத்தைவிடத் தடிமன். தந்தியைச் சுண்டுவதில்லை. கையின் எடையோடு மேலிருந்து கீழே விழுந்து, தந்தியைத் தாண்டி அடுத்த தந்தியின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. முக்கியமான விதி ஒன்று உண்டு. ஒரு தந்தியிலிருந்து இன்னொரு தந்திக்குப் போகும்போதெல்லாம் கீழ்நோக்கிய அடியிலேயே தொடங்க வேண்டும், முந்தைய சுரமும் கீழ்நோக்கியதாகவே இருந்திருந்தாலும். நாம் சொல்லித்தரும் 'மாற்றி மாற்றி அடி' முறைக்கு இது நேர் எதிர். முதலில் வாசிக்கும்போது தடுக்கும். பழகியபின் ஒவ்வொரு வரியிலும் எங்கே அழுத்தம் விழ வேண்டுமோ அங்கே தானாக விழும், சத்தமும் இரண்டு மடங்காகக் கேட்கும். ஜாங்கோவின் லிக்கை டேப் குறிப்பில் பார்த்து வாசிக்கும் பிள்ளைகளிடம் சுரம் சரியாக இருந்தும் சப்பென்று இருக்கிறதே, காரணம் இங்கேதான். டேப்பில் இடது கை எழுதியிருக்கிறது. வலது கை எழுதப்படவில்லை.

வாத்தியத்தையும் சொல்லவேண்டும். 1932இல் செல்மர் நிறுவனத்துக்காக இத்தாலியரான மாரியோ மக்காஃபெர்ரி வடிவமைத்த கிடார் அது. மொத்தமே ஆயிரத்துக்கும் குறைவாகச் செய்து, 1952இல் நிறுத்திவிட்டார்கள். நாசியில் பேசுவதுபோன்ற, முன்னால் வந்து நிற்கும் ஒலி. இன்று உலகெங்கும் எத்தனையோ பட்டறைகளில் அதே அச்சில் செய்கிறார்கள்.

இப்போது ரிதத்துக்கு வருகிறேன். இந்த மடலை எழுதத் தூண்டியதே அதுதான். 1934இல் பாரீஸில் அமைந்த, ஜாங்கோவின் ஹாட் கிளப் ஐவர் குழுவில் டிரம்ஸ் கிடையாது, பியானோ கிடையாது, ஊதுகுழல்களும் கிடையாது. ஸ்டெஃபான் கிரப்பெல்லியின் வயலின், லூயி வோலாவின் டபுள் பாஸ், மூன்று கிடார். கிரப்பெல்லி வாசிக்கும்போது பின்னால் இரண்டு கிடார் இருக்கிறது, என் முறை வரும்போது ஒன்றுதான் இருக்கிறது என்று ஜாங்கோ குறைப்பட்டுக்கொண்டதால்தான் மூன்றாவது கிடார் வந்தது என்பார்கள். வந்தவர் அவருடைய தம்பி ஜோசஃப். ஜோசஃப் ரைன்ஹார்ட்டின் பெயரை உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் கேட்டிருப்பார்கள்?

பின்னாலிருக்கும் கிடார்கள் அடிக்கும் ரிதத்தை மனூஷ்கள் 'லா போம்ப்' என்கிறார்கள். நாலு எண்ணிக்கை. ஒன்றும் மூன்றும் கீழ்த்தந்திகளில் கொஞ்சம் நீளமாக. இரண்டும் நான்கும் ஆறு தந்தியிலும் சுரீரென்று, உடனே இடது கை விரல் அழுத்தத்தைத் தளர்த்தி ஒலியை அறுத்துவிடும். ஒன்றுக்கும் மூன்றுக்கும் ஒரு நொடித்துளி முன்னால், மேல்நோக்கி லேசான ஓர் உரசல். டிரம்ஸ் செய்கிற வேலை முழுவதையும் இந்த ஒரு கை செய்துவிடுகிறது. 1937 நவம்பர் 25 அன்று பதிவான 'மைனர் ஸ்விங்' தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ மைனர், டி மைனர், ஈ செவன்த் என்று ஏறக்குறைய மூன்றே கார்டில் ஓடும் பாட்டு. எல்லாரும் ஜாங்கோவின் சோலோவைத்தான் கேட்பார்கள். ஒருமுறை அவரை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் ஜோசஃபையும் உறவினர் யூஜின் வேஸையும் மட்டும் கேளுங்கள். வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனாலும் பாட்டு போகப்போகச் சூடேறுகிறது. முடிவில் குழுவிலிருந்து ஒருவர் உற்சாகம் தாங்காமல் குரல்கொடுப்பதும் தட்டில் பதிவாகியிருக்கிறது.

மனூஷ் குடும்பங்களில் பிள்ளைக்குக் கிடாரைக் கையில் கொடுத்ததும் ரிதத்தில்தான் உட்காரவைப்பார்கள். சித்தப்பா லீட் வாசிப்பார், பையன் போம்ப் அடிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இதே வேலை. சரளி வரிசை முடியாத பிள்ளையிடம் நம் பாட்டு வாத்தியார் ஆலாபனை செய்யச் சொல்லாததுபோல், அங்கே ரிதம் நிற்காத பிள்ளைக்குச் சோலோ கிடையாது. நோட்டுப்புத்தகம் இல்லை, சுரக்குறிப்பு இல்லை. காதும் எதிரே இருப்பவரின் கையும்தான் பாடம். நாம் இதைத் தலைகீழாக்கி, சோலோவை முதல் மாதமே கொடுத்துவிடுகிறோம்.

இந்தக் குடும்பங்களுக்கு வெளியே இருந்தவர்களுக்கு ஜாங்கோவிடமிருந்து என்ன கிடைத்தது? ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். 1938 வாக்கில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், பிஸ்மார்க் என்ற சிறு நகரத்தில், ஜாங்கோ தட்டில் வாசித்த 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' சோலோவை ஓர் இளைஞர் சுரத்துக்குச் சுரம் மின்கிடாரில் வாசித்ததாகக் கிடார் கலைஞர் மேரி ஆஸ்பர்ன் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த இளைஞர் சார்லி கிறிஸ்டியன். அடுத்த ஆண்டே பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து, ஜாஸில் கிடாரைப் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர். பி.பி. கிங் தனக்குப் பிடித்த கிடார்காரர்களைச் சொல்லும்போது ஜாங்கோவை விட்டதில்லை. வில்லி நெல்சன் ஜாங்கோவின் 'நுவாஜ்' பாட்டை மேடைகளில் வாசித்தார். டிக்கி பெட்ஸ் 1973இல் 'ஜெசிகா'வை ஜாங்கோவுக்கு வணக்கமாக, இடது கையில் இரண்டு விரலால் வாசிக்கும்படி அமைத்தார். மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்டின் ஜான் லூயிஸ் 1954இல் 'ஜாங்கோ' என்ற பேரிலேயே ஓர் இரங்கல் பாட்டு எழுதினார். அந்தக் குழுவில் கிடாரே கிடையாது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

டோனி அயோமி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பர்மிங்காம் தகடு ஆலையில் வேலையின் கடைசி நாளன்று எந்திரம் இரண்டு விரல்நுனிகளைக் கத்தரித்துவிட்டது. இடதுகைக்காரர், அதனால் ஃப்ரெட்டில் அழுத்தும் வலது கையில் அடி. மனம் வெறுத்துக் கிடந்தவரிடம் ஆலை மேலாளர் ஜாங்கோ தட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக்காட்டினார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டு, மெல்லிய தந்தி போட்டு, பிறகு சுருதியையும் இறக்கி அவர் உண்டாக்கிய ஒலியிலிருந்து ஹெவி மெட்டல் பிறந்தது. ஆக, நீங்கள் சொல்லும் விரல் கதை வீணென்று நான் சொல்லவில்லை. அது ஒரு மனிதனை எழுப்பி உட்காரவைத்திருக்கிறது. ஆனால் அயோமியின் வாசிப்பில் ஜாங்கோவின் ஒரு சொற்றொடரைத் தேடிப்பாருங்கள், அகப்படாது. அவருக்குக் கிடைத்தது துணிச்சல். இசை வேறு வழியில் போயிற்று, அந்த வழியைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

பிரான்ஸில் 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர் ஊராகப் போகிறவர்கள் உடல் அளவுகள் குறித்த அடையாளப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்து, போகிற ஊரிலெல்லாம் காட்ட வேண்டியிருந்தது. அப்போது ஜாங்கோ இரண்டு வயதுக் குழந்தை. 1940 ஏப்ரலில் அவர்கள் நடமாட்டத்தையே தடைசெய்து உத்தரவு வந்தது, பிறகு முகாம்களில் அடைத்தார்கள். அதே 1940 டிசம்பரில் ஜாங்கோ 'நுவாஜ்' பதிவுசெய்தார். ஆக்கிரமிக்கப்பட்ட பாரீஸ் அந்தப் பாட்டைக் கொண்டாடியது, கூடங்களில் ஜெர்மன் அதிகாரிகளும் உட்கார்ந்து கேட்டார்கள். அவருடைய இனத்தாரோ முள்வேலிக்குள். ஐரோப்பா முழுவதும் நாஜிகள் கொன்ற ரோமா மக்களின், ஜெர்மனிப் பக்கத்து ரோமா கிளையான சிந்திகளின் எண்ணிக்கை இரண்டரை லட்சத்திலிருந்து ஐந்து லட்சம்வரை என்று மதிப்பிடுகிறார்கள். ஜாங்கோ 1943இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பப் பார்த்துப் பிடிபட்டு, ஜாஸ் பிரியரான ஓர் அதிகாரியால் பிழைத்தார். பிரெஞ்சு முகாம்களில் கடைசியாக இருந்தவர்கள் வெளியே வந்தது போர் முடிந்து ஓராண்டுக்குப் பின், 1946இல். பிரெஞ்சு அரசின் பொறுப்பை அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஒப்புக்கொள்ள 2016 ஆக வேண்டியிருந்தது.

ஜெர்மனியில் ஷ்னுக்கனாக் ரைன்ஹார்ட் என்ற சிந்தி வயலின்காரர் 1940இல் குடும்பத்தோடு போலந்துக்கு நாடுகடத்தப்பட்டு உயிர்தப்பியவர். 1960களின் பிற்பகுதியில் ஹாட் கிளப் மாதிரியில் ஒரு குழு அமைத்து, ஜெர்மன் சிந்திகளின் இசை என்று தலைநிமிர்ந்து மேடையேறினார். அவர் குழுவில் வாசித்த ஹென்ஷே வைஸ், 1970களில் தம் மக்களுக்கு உரிமை கேட்டு, ஜாங்கோவின் ரிதத்திலேயே தம் மொழியில் பாட்டுக்கட்டிப் பாடினார். முகாமிலிருந்து மீண்டவர்களின் பிள்ளைகளுக்கு இந்த வாசிப்பு, நாங்களும் இந்த நாட்டில் இருக்கிறோம் என்று சொல்ல ஒரு குரலாயிற்று. பாரீஸில் ஃபெரே சகோதரர்கள், பெல்ஜியத்தில் ஃபாப்பி லஃபெர்டின், அல்சாஸில் ஷ்மிட் குடும்பம், நெதர்லாந்தில் ரோசன்பெர்க் குடும்பம் எனக் கூண்டுவண்டியிலும் சமையலறையிலும் கை மாறிக் கை மாறித்தான் இது வந்தது. மனூஷ்களிடையே செத்தவர் பெயரை எடுத்துப் பேசமாட்டார்கள், அவர் உடைமைகளை எரித்துவிடுவார்கள் என்பது பழைய வழக்கம். ஜாங்கோவின் 503ஆம் எண் செல்மர் கிடார் மட்டும் அவர் மனைவி நாகின் வழியாகப் பாரீஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பிரெலி லக்ரேனைக் கட்டாயம் மாணவர்களுக்குக் கேட்கக் கொடுங்கள். 1966இல் அல்சாஸில் பிறந்தவர். 1980இல், 13 வயதில், ஜாங்கோவின் பாதையில் வாசித்த கச்சேரி தட்டாக வந்தபோது கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். அடுத்த ஜாங்கோ என்று முத்திரை குத்தினார்கள். பையனுக்கு மூச்சுமுட்டியிருக்க வேண்டும். மின்கிடாரைத் தூக்கிக்கொண்டு ஜாக்கோ பாஸ்டோரியஸோடு ஃப்யூஷன் வாசிக்கப் போய்விட்டார். இருபது ஆண்டு கழித்து 2001இல் தன் குழுவோடு பழைய பாட்டுகளுக்குத் திரும்பினார். போன இடத்தில் கற்ற இசைவுகளெல்லாம் அந்த வாசிப்பில் கலந்திருந்தன. இன்று இளைஞர்கள் வாசிக்கும் விதத்தில் ஜாங்கோவைவிட லக்ரேனின் சாயல்தான் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

லக்ரேனைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1937ஐ அப்படியே உறையவைத்து, அதே மீசை, அதே கிடார், அதே பாட்டு என்று நகலெடுப்பதும் ஒரு கூட்டமாக நடக்கிறது. ஜாங்கோவே அப்படி நிற்கவில்லை. 1946இல் ட்யூக் எலிங்டனோடு அமெரிக்கா போனதிலிருந்து மின்கிடார் பக்கம் போனார். கடைசி ஆண்டுகளில் பாரீஸின் இளம் பீபாப்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வாசித்தார். 1953 மே 16 அன்று, சமுவா கிராமத்தில், 43 வயதில் மூளை ரத்தக்கசிவால் இறந்தார். அதற்குச் சில வாரம் முன்பு பதிவானவற்றைக் கேளுங்கள். ஓரங்கள் கூர்மையாகி, இடைவெளிகள் அதிகமாகி, முற்றிலும் வேறு ஆள் வாசிப்பதுபோல் இருக்கும். அந்த வலது கை மட்டும் பழையதே.

இடையில் ஒரு வார்த்தை. ரோமாக்கள் வட இந்தியாவிலிருந்து போனவர்கள், எனவே இது நம் ராகத்தின் பிள்ளை என்று சிலர் பாடம் நடத்துகிறீர்கள். அவர்கள் மொழியின் வேர் இங்கே என்பது ஆய்வாளர்கள் நிறுவியது. ஆனால் ஜாங்கோவின் காதில் இருந்தது மியூசெட் வால்ட்ஸும், 1931இல் துலோன் நகரில் ஓர் ஓவியர் போட்டுக்காட்டிய லூயி ஆம்ஸ்ட்ராங் தட்டுகளும், டெபுஸ்ஸியும். ஆயிரம் ஆண்டு தாண்டி உறவு கொண்டாட வேண்டாம். நம் பக்கம் உண்மையிலேயே நடந்தது ஒன்று உண்டு. முதிய கிரப்பெல்லி 1980களில் நம் வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியத்தோடு சேர்ந்து ஒரு தட்டு வாசித்தார். அதைப் போட்டுக்காட்டுங்கள், போதும்.

என் வேண்டுகோள் சிறியது. 'மைனர் ஸ்விங்' கார்டுகளை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை வட்டமாக உட்காரவையுங்கள். எல்லாரும் போம்ப். ஒருவர் மட்டும் சோலோ, ஒரு சுற்று முடிந்ததும் அடுத்தவர். சோலோ வராதவர் மெட்டை மட்டும் வாசிக்கட்டும். ரிதத்திலிருந்து யாருக்கும் விடுப்பு இல்லை. ஜாங்கோ நினைவாகச் சமுவாவில் நடந்த விழாவில் மேடைக்குக் கீழே, கூண்டுவண்டிகளுக்கு நடுவே இரவெல்லாம் நடந்ததும் இதுதான்.

போம்ப்பில் அந்த மேல்நோக்கிய உரசல் தேவையா இல்லையா என்பதில் வாசிப்பவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது. பழைய பாரீஸ் தட்டுகளில் அது நன்றாகக் கேட்கிறது. இன்றைய வாசிப்பில் பலர் அதை ஏறக்குறைய விழுங்கி, வறட்டு வெட்டாக அடிக்கிறார்கள். ரோசன்பெர்க் மூவரில் நூஷ் ரோசன்பெர்க்கின் ரிதத்தையும் ஜோசஃபின் ரிதத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டு, நீங்கள் எந்தக் கட்சி என்று எனக்கு எழுதுங்கள். நான் உரசல் கட்சி.

அன்புடன்,
உங்களோடு ரிதம் வாசிக்கும் ஒருவன்